அரங்கன் இல்லாத அரங்கம்

அடைக்கலம் தர வேண்டிய பெருமாளே அடைக்கலம் தேடி ஊர் ஊராக அலைந்த காலம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. 1323இல் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட அழகிய மணவாளப் பெருமாளின் உற்சவத் திருமேனி, மீண்டும் தன் சந்நிதிக்கு வந்து சேர்ந்தது 1371இல். இடையில் 48 ஆண்டுகள். அவர் புறப்பட்ட நாளில் தொட்டிலில் கிடந்த குழந்தை, அவர் திரும்பிய நாளில் பேரன் பேத்தி எடுத்திருக்கும். அந்த நாளில் நடுவயதில் இருந்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கடவுளை நம்பிக் காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு தனிமனிதரின் துயரத்தை எடுத்துக்கொள்வார்கள். தீராத நோய், தள்ளிப்போகும் பிள்ளைப்பேறு, முடியாத வழக்கு. அங்கெல்லாம் தவிப்பவர் பக்தர். கடவுள் தம் இடத்தில் பத்திரமாக இருக்கிறார். திருவரங்கத்தில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. யாரிடம் போய் முறையிட வேண்டுமோ அவரையே காணோம். அந்த இருட்டில் வழி நடந்தவர்களில் இருவர், சரணாகதி என்ற கொள்கையைத் தம் காலத்தில் மிக நுட்பமாக ஆராய்ந்து எழுதியவர்கள்: பிள்ளை லோகாசாரியாரும் வேதாந்த தேசிகரும். ஏட்டில் எழுதியதை உடம்பில் சோதித்துப் பார்க்கும் நிலை இருவருக்கும் வந்தது. அந்தச் சோதனையில் நம்பிக்கை என்ன வடிவம் எடுத்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் சான்றுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைக்கு முதன்மையான ஆதாரம் கோயிலொழுகு. திருவரங்கக் கோயிலின் நடைமுறைகளையும் வரலாற்றையும் பல தலைமுறைகளாகப் பல கைகள் எழுதிச் சேர்த்த நூல் அது. கோயிலுக்குள் யார் எந்தப் பணியைச் செய்தார்கள் என்பதை அதைப்போல் சொல்லும் நூல் வேறில்லை. ஆனால் அதன் ஆண்டுக்கணக்கு கல்வெட்டுகளோடு பல இடங்களில் ஒத்துப்போகாது. குருபரம்பரை நூல்கள் ஆசாரியர்களின் மேல் உள்ள அன்பால் எழுதப்பட்டவை; வயதையும் எண்ணிக்கையையும் அவற்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இவற்றுக்கு வெளியே, விஜயநகர இளவரசர் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விஜயம் என்ற சம்ஸ்கிருதக் காவியம் இருக்கிறது. 1340களில் மதுரைச் சுல்தானின் அவையில் தங்கியிருந்த இப்னு பதூதாவின் பயணக்குறிப்பும் இருக்கிறது. அந்தச் சுல்தானின் கொடுமைகளைக் கண்டு மனம் பதறி எழுதியவர், அவருக்கு நெருங்கிய உறவில் பெண் எடுத்திருந்த அதே பயணி என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருமாள் திரும்பி வந்ததைச் சொல்லும் கல்வெட்டு கோயில் சுவரிலேயே இருக்கிறது.

1311இல் மாலிக் கபூரின் படை தமிழகத்துக்குள் வந்து கொள்ளையடித்துத் திரும்பியது. 12 ஆண்டுகள் கழித்து, பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அறியப்பட்ட உலுக் கான் படையெடுத்தார். கோயிலொழுகு சொல்வது இது: பெருமாள் கொள்ளிடக் கரையில் பன்றியாழ்வார் சந்நிதிக்கு எழுந்தருளியிருந்தார். ஊரே அங்கே கூடியிருந்தது. படை நெருங்கிவிட்ட செய்தி வந்ததும் கோயிலின் பெரியவர்கள் கூட்டத்துக்குச் சொல்லாமல் திரையிட்டு மறைத்து, பெருமாளைப் பிள்ளை லோகாசாரியாரோடு தெற்கே அனுப்பிவைத்தார்கள். மூலவருக்கு முன்னால் கல்திரை எழுப்பினார்கள். நாச்சியாரை வில்வ மரத்தடியில் மறைத்தார்கள். பிறகு படை வந்தது. பன்னீராயிரம் பேர் மாண்டதாக ஒழுகு சொல்கிறது. எண்ணிக்கை மரபின் எண்ணிக்கை. ஆனால் அந்த இழப்பின் நினைவு அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இன்னும் ஆறவில்லை என்பது உண்மை.

இந்த நினைவோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெருமாளின் மேல் காதல் கொண்டு அவரைத் தேடி வந்த சுல்தானின் மகளைத் துலுக்க நாச்சியார் என்று அதே கோயில் கொண்டாடுகிறது. அவளுக்குச் சந்நிதி உண்டு. ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் உண்டு. அடிபட்ட ஊர் தன் நினைவைப் பகையாக மட்டும் சேமித்து வைக்கவில்லை. இந்தக் கதையை இன்று எடுத்துச் சொல்கிறவர்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இனி கொள்கைக்கு வருவோம். சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்வார்கள். பெருமாளுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி; உகவாததை விடுதல்; அவர் காப்பார் என்ற பெருநம்பிக்கை; காக்கும்படி வேண்டிக்கொள்ளுதல்; எனக்கு வேறு புகலில்லை என்று உணர்ந்து நிற்றல். மூன்றாவதான மகாவிசுவாசம் வாய்ப்பதுதான் அரிது என்று ஆசாரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அது குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் இலங்கையில் நடந்தது. இந்திரஜித்து அனுமனைப் பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அது போதாதென்று அரக்கர்கள் கயிற்றைக் கொண்டுவந்து மேலும் கட்டினார்கள். கயிறு மேலே பட்டதும் அஸ்திரம் தானாக நழுவிவிட்டது. பெருமாளைப் பற்றிக்கொண்ட பிறகு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றையும் பற்றினால் முதலில் பற்றியது கையை விட்டுப் போய்விடும் என்பது கருத்து.

இதைப் படித்துவிட்டு 1323ஐப் பார்க்கிறவருக்கு ஒரு நெருடல் வரத்தான் வேண்டும். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்றால் கல்திரை எதற்கு? இரவோடு இரவாகப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியில் ஓடியது எதற்கு? அது அஸ்திரத்தின் மேல் போட்ட கயிறாகாதா?

இந்தக் கேள்விக்கு விடை லோகாசாரியாரின் ஸ்ரீவசன பூஷணத்திலேயே கிடைக்கிறது. பெரியாழ்வார் மதுரையில் பாண்டியன் அவையில் திருமாலே பரம்பொருள் என்பதை நிலைநாட்டி, யானை மேல் ஊர்வலம் வந்தபோது, வானத்தில் கருடன் மேல் பெருமாள் காட்சி தந்தார். வரம் கேட்க வேண்டிய நேரம். ஆழ்வாரோ, இவ்வளவு அழகை எல்லோர் கண்ணும் படும்படி கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே, இவருக்கு என்ன நேருமோ என்று அஞ்சி, அவருக்குப் பல்லாண்டு பாடினார். லோகாசாரியார் இதை எடுத்துக்கொண்டு சொல்வதன் சாரம் இதுதான்: அறிவின் நிலையில் நிற்கும்போது காப்பவன் அவன், காக்கப்படுபவன் நான் என்பது தெளிவாக இருக்கும். அன்பு முற்றும்போது அது தலைகீழாக மாறிவிடும். அவனை நான் காக்க வேண்டும் என்ற தவிப்பு வந்துவிடும். அது அறியாமையல்ல, அன்பின் முதிர்ச்சி.

ஆகவே கல்திரையும் பல்லக்கும் நம்பிக்கைக் குறைவிலிருந்து பிறந்தவை அல்ல. தன்னைக் காத்துக்கொள்ள ஒருவன் செய்யும் உபாயம் வேறு. பெருமாளுக்காகத் துடித்துச் செய்யும் கைங்கரியம் வேறு. முதலாவதுதான் அரக்கர் கட்டிய கயிறு. கீதையின் சரம சுலோகம் கவலைப்படாதே என்றுதான் முடிகிறது. அதைக் கேட்ட அர்ச்சுனன் தேர்த்தட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிடவில்லை, வில்லை எடுத்தான். நம்புகிறவன் சும்மா இருப்பான் என்று எண்ணுகிறவர்கள் சரணாகதியைப் பாதி படித்தவர்கள்.

பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய அதே மதுரைக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், யானைமலை கிடக்கிறது. மேலூர்ச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க முடியாத ஒற்றைப் பாறை அது. அதன் அடிவாரத்தில் கொடிக்குளம் என்ற சிற்றூர். குருபரம்பரை நூல்கள் ஜோதிஷ்குடி என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான் என்று சொல்கிறார்கள். வழியில் கள்வர்கள் மறித்துப் பெருமாளின் நகைகளைப் பறித்துக்கொண்டார்கள். தம்மிடம் இருந்ததையும் லோகாசாரியார் அவர்களிடமே கொடுத்துவிட்டார் என்பது வரலாறு. மரபுக் கணக்கில் அப்போது அவர் நூறு வயதைக் கடந்தவர். ஐம்பது அறுபது என்று வைத்துக்கொண்டாலும், காட்டுவழியில் அத்தனை தூரம் ஒரு பல்லக்கின் பக்கத்தில் நடப்பது லேசான காரியமல்ல. இந்த ஊரில்தான் அவர் உயிர் பிரிந்தது. இன்று அங்கே அதிகக் கூட்டம் வருவதில்லை. பெரிய கோபுரமும் இல்லை. மலையடி, குளம், சின்னக் கோயில், உள்ளே ஆசாரியனின் சந்நிதி. திருவரங்கத்தின் ஏழு மதில்களையும் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், எவ்வளவு பெரியதை இவ்வளவு சிறிய இடத்தில் ஒளித்து வைத்தார்கள் என்பது உறைக்கும்.

கடைசி நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் இந்தக் கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன். பெருமாள் திருவரங்கம் திரும்புவாரா என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லாத நேரம் அது. அவர் தம் சீடரான கூரகுலோத்தம தாசரை அழைத்து, மதுரையில் பாண்டியன் அரசில் பணியாற்றிக்கொண்டிருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி இந்த வழிக்குக் கொண்டுவரும்படி பணித்தார். இளவயதில் தம்மிடம் உபதேசம் பெற்று, பிறகு அரசாங்க வேலையில் ஆழ்ந்து போனவர் அவர். தாசர் தேடிப்போய், திருவிருத்தத்தைச் சொல்லி அவர் மனத்தை மெல்ல மெல்லத் திருப்பினார். அந்தத் திருமலையாழ்வார்தான் பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை. காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளச் செய்தவர். 1370இல் அந்த ஊரில் பிறந்த மணவாள மாமுனிகளுக்குத் திருவாய்மொழியின் ஈட்டு வியாக்கியானத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அந்த மாமுனிகள்தான் பிறகு திருவரங்கத்தில் பெருமாள் முன்னிலையில் ஓராண்டு முழுவதும் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார்.

இதை வரிசைப்படுத்திப் பாருங்கள். பெருமாள் வீடில்லாமல் ஒளிந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு முதியவர் இறந்துகொண்டிருக்கிறார். அவருடைய கவலை, பெருமாள் எப்போது திரும்புவார் என்பதல்ல. அவர் திரும்பும்போது அவர் முன் உட்கார்ந்து ஆழ்வாரின் பாட்டுக்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டுமே என்பது. திரும்புவார் என்பதை அவர் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தாம் அதைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கவில்லை. மகாவிசுவாசம் என்று எழுதியவர் அதை எப்படி எழுதினார் என்பது இங்கேதான் எனக்கு விளங்குகிறது.

தேசிகரின் வழி வேறு. மரபு அவரை 1268இல் பிறந்தவர் என்கிறது. படை ஊருக்குள் புகுந்தபோது, சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகையின் ஓலைச்சுவடிகளையும் சூரியின் இரு மகன்களையும் காப்பாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுந்த பெரிய உரை அது. பிணங்களுக்கு நடுவே பிணம்போல் படுத்துக்கிடந்து, இரவில் எழுந்து, குழந்தைகளோடும் சுவடிகளோடும் கர்நாடகத்தை அடைந்தார் என்பது வரலாறு. காவிரிக் கரையில் உள்ள சத்தியாகாலத்தில் தங்கியிருந்தபோது அபீதிஸ்தவத்தைப் பாடினார். திருவரங்கத்தைச் சூழ்ந்த பயம் நீங்க வேண்டும் என்ற விண்ணப்பம் அது.

லோகாசாரியார் பதறாமல் ஏற்பாடு செய்தார். தேசிகர் வாய்விட்டு வேண்டினார். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்கு இடமில்லை. சரணாகதி செய்தவர்களை இருவகையாகப் பிரிப்பதுண்டு. ஒரு நொடியும் பொறுக்க மாட்டேன், இப்போதே வேண்டும் என்று துடிப்பவன் ஆர்த்தன். இந்த உடம்பு விழும்வரை பொறுத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்பவன் திருப்தன். பொறுக்காதவனைச் சம்பிரதாயம் நம்பிக்கை இல்லாதவன் என்று தள்ளவில்லை. அவனுடைய துடிப்பும் சரணாகதிதான். நம்பு என்று சொல்லி ஒருவரின் அழுகையை அடக்கப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுதுகொண்டே நம்ப முடியும். அபீதிஸ்தவம் அதற்குச் சாட்சி.

பொறுத்திருக்கிறவன் அந்த இடைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும்? தேசிகர் தம் ரகசியத்திரயசாரத்தில் இதற்காகவே உத்தரகிருத்தியாதிகாரம் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். எங்கே வாழ்வது என்பதற்கு ஸ்தானவிசேஷாதிகாரம். அடியவர்களோடு இரு, கோயில் கைங்கரியம் செய், நல்ல நூல்களைக் கேள், கேட்டதைச் சொல் என்கிற அளவில்தான் அவற்றின் சாரம். பெரிய தவம் எதுவும் இல்லை. காத்திருப்பவனுக்கு ஒரு தினசரி வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிட நடைமுறைக்கு உகந்த அறிவுரையை நான் எங்கும் படித்ததில்லை.

லோகாசாரியாருக்குப் பிறகும் பெருமாளின் பயணம் நிற்கவில்லை. திருமாலிருஞ்சோலை, கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை, திருமலை என்று பட்டியல் நீள்கிறது. கோழிக்கோட்டுப் பக்கத்தில் நம்மாழ்வாரின் திருமேனியும் இதேபோல் ஒளிந்து வந்து சேர்ந்தது. அதைப் பள்ளத்தாக்கில் இறக்கி மறைத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் அதை மீட்கச் சங்கிலி கட்டி இறங்கிய தோழப்பர், ஆழ்வாரை மேலே அனுப்பிவிட்டுத் தாம் ஏறும்போது விழுந்து உயிர்விட்டார் என்கிறார்கள்.

அதற்கு இணையான இன்னொரு செய்தி, திருமலைப் பகுதியில் பெருமாளோடு எஞ்சியிருந்த மூவரைப் பற்றியது. கொடவர் என்னும் கோயில் பணியாளர் வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஆபத்து நெருங்கியபோது, பெருமாளோடு கயிறு கட்டி மலைக்காட்டின் பள்ளத்தில் இறங்கி அங்கேயே வாழ்ந்தார்கள் என்று ஒழுகு சொல்கிறது. ஒருவர் பின் ஒருவராக இறந்து, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். விழா இல்லை, கோஷ்டி இல்லை, பார்க்க ஆள் இல்லை. கிடைத்ததை அமுது செய்வித்து, அடுத்த நாளும் அதையே செய்திருப்பார். நூல் எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். இவரைப் போன்றவர்களை மூவர் என்ற எண்ணிக்கையாகத்தான் தெரியும். 48 ஆண்டுகளின் எடை உண்மையில் இறங்கியது இவர்கள் தோளில்.

விஜயநகரத்தின் புக்கருடைய மகன் குமார கம்பணன் தெற்கே வந்து மதுரைச் சுல்தான்களை வென்ற பிறகு நிலைமை மாறியது. அவருடைய அதிகாரியான கோப்பணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கு எடுத்துவந்து, பக்கத்தில் உள்ள சிங்கவரத்தில் எழுந்தருளச் செய்து, பிறகு திருவரங்கத்தில் சேர்த்தார். சக ஆண்டு 1293 என்று கல்வெட்டு சொல்கிறது. அதிலுள்ள சம்ஸ்கிருதச் சுலோகங்களைத் தேசிகர் பாடியதாக மரபு கருதுகிறது. ஆனால் அதே மரபு அவர் மறைவை 1369 என்று வைக்கிறது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். பெருமாள் திரும்பியதைத் தேசிகர் கண்ணால் பார்த்தார் என்றே நம்ப ஆசையாக இருக்கிறது. பார்க்காமலே போயிருந்தாலும் அபீதிஸ்தவத்தின் ஒரு சொல்லும் குறைபடாது.

பெருமாள் திரும்பி வந்தபோது ஒரு சிக்கல் காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் மிஞ்சியவர்கள், இனி எவ்வளவு நாள் என்று தெரியாமல், வேறொரு உற்சவத் திருமேனியைச் செய்து வைத்து வழிபடத் தொடங்கியிருந்தார்கள். இப்போது இரண்டு திருமேனிகள். பழைய பெருமாளைப் பார்த்து அடையாளம் சொல்ல யாரும் இல்லை. அப்போது வயது முதிர்ந்து கண் தெரியாமல் போன ஓர் ஈரங்கொல்லியைக் கண்டுபிடித்தார்கள். பெருமாளின் ஆடைகளை வெளுத்தவர். திருமஞ்சனம் ஆனதும் ஈர ஆடையைப் பிழிந்த நீரைத் தீர்த்தமாகக் குடித்துப் பழகியவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் விட்டதும், இவரே நம்பெருமாள் என்றார். அன்று முதல் அந்தப் பெயரே நிலைத்தது. ஆசாரியர்களும் அதிகாரிகளும் சொல்ல முடியாததை ஒரு சலவைத் தொழிலாளியின் நாக்கு சொன்னது. அத்தனை ஆண்டுகள் அந்தச் சுவையை மறக்காமல் வைத்திருந்தவர் அவர்.

எது பழையது என்று தெரிந்துவிட்டது. மற்றதை என்ன செய்வது? உண்மையான பெருமாள் வருவார் என்று நம்பாமல் மாற்று ஏற்பாடு செய்தீர்களே என்று ஊர்க்காரர்களைக் கடிந்துகொண்டிருக்கலாம். அந்தத் திருமேனியை அகற்றியிருக்கலாம். கோயில் அப்படிச் செய்யவில்லை. நித்தியபூசை நின்றுபோகாமல் அந்த ஆண்டுகளில் திருவாராதனம் ஏற்றவர் அவர். பெருமாள் இல்லையே என்று தவித்தவர்களின் கண்ணுக்கும் கைக்கும் அகப்பட்டவர் அவர். திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவர் இன்றும் கருவறைக்குள் நம்பெருமாளோடுதான் இருக்கிறார். உற்சவ காலங்களில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவரே.